கறுத்துப்போன மருதாணி

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கடலோரக் காத்தோங்கிலிருந்து மூன்று பேர் — பையன், பையனின் அம்மா, அந்த அம்மாவின் தம்பி.

வெளியாள் வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன் என்பது, வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசச் சொன்னால்... நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்செல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. காப்பி என் பொறுப்பு.

ஆனால் அன்றைக்கு என் கவலை காப்பி இல்லை. மகளின் விரல்கள்!

கமலா, புக்கித் தீமா ரோட்டில் இருக்கிற யுனிவர்சிட்டியில் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு மேலும் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். என்ன ஆராய்ச்சி? கடல் தண்ணீரைக் காய்ச்சி, அந்த ஆவியைக் கண்ணாடிக் குழாய்க்குள் குளிர வைத்து, குடிக்கிற தண்ணீராக்குவது. "நான் சோறு வடிக்கும்போது மூடியில சொட்டுற தண்ணிதானே?" என்று கேட்டேன். "அதேதாம்மா. ஆனா கம்மி செலவுல, ஊருக்கே போதுற மாதிரி வரணும். அதுதான் கஷ்டம்" என்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் குழாயில் ரேஷன் போட்டுத் தண்ணீர் விடுகிற இந்த நாளில், வாளியும் கையுமாக நிற்கிறவளுக்கு இது விளங்காதா என்ன?

வடிந்த தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து வைத்திருக்கிறாள். சில்வர் நைட்ரேட் என்று பேர். உப்பு இருந்தால் ஒரு சொட்டிலேயே தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடுமாம். அதே மருந்து விரலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் படப்பட கறுத்துவிடும். சோப்பு, புளி, எலுமிச்சை — எதற்கும் மசியாது. தோல் உரிந்தால்தான் உண்டு.

பெண் பார்க்க வருகிற நேரம் பார்த்து, விரல் நுனியெல்லாம் கரி அள்ளின மாதிரி!

என்ன செய்வேன்? பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பிஸ்கட் டின்னில் மருதாணி வளர்க்கிறார். ஒரு கொத்து கேட்டு வாங்கி, கொட்டைப்பாக்கு சேர்த்து மையாக அரைத்து, விரலுக்கெல்லாம் தொப்பி போட்டுவிட்டேன்.

"கறுப்பு மேல சிவப்பு பூசினா கறுப்புதான்லா தெரியும்" என்று கமலா சிரித்தாள்.

"வாயை மூடிட்டு கையை நீட்டுடி."

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. காப்பித் தட்டை நீட்டினபோது பையனின் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

"அடி ஆத்தாடி! மருதாணி இப்படிப் புடிச்சு நான் பார்த்ததே இல்லையே. சிவந்து சிவந்து கறுத்தே போச்சு! இவ புருசன் மேல உசிரையே வைப்பா போலிருக்கே. டேய், பாருடா!"

பையன் காது வரைக்கும் வெட்கப்பட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா... தப்பித்தோம் என்று நினைத்தேன். என் மகளுக்குத்தான் பொய் ஒத்துவராதே!

"இல்லீங்கம்மா. மேலதான் மருதாணி. அடியில இருக்கற கறுப்பு லேப் மருந்து. எனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

சிரிப்பு நின்றது. பையனின் தாய்மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை? டிகிரி வாங்கியாச்சு, போதும்லா."

என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகத் தலையாட்டினார். "ஆமாமா. கல்யாணத்துக்கப்புறம் விட்டுடுவா."

கமலா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீசிஸ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

"விட மாட்டா."

யார் சொன்னது? எல்லோரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன் — எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது!

காப்பி ஆறிப்போனது. "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். பையனின் அம்மா மட்டும் வாசலில் நின்று, நான் வரிசையாகப் பிடித்து வைத்திருந்த வாளிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

"இத்தனை வருசமா தொறக்காத வாயி, இன்னிக்குத்தானா தொறக்கணும்?" என்றார் வீட்டுக்காரர். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாயங்காலம் கமலா வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மெதுவாக ஒன்று சொன்னாள் பாருங்கள்...

"எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சும்மா."

அப்புறம் எனக்கு ஏது தூக்கம்? ஒரே ஒரு வார்த்தை பேசினேன். அது என் மகளின் வாழ்க்கையிலா விழ வேண்டும்? பேசாமலே இருந்திருக்கலாமோ? இருந்திருந்தால், அந்தக் கண்ணாடிக் குழாய்களை எல்லாம் யார் பார்ப்பது?

காத்தோங்கிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

நேற்றுக் காலை வாசலில் நிழல் தெரிந்தது. பையனின் அம்மா! தனியாக, பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் வழக்கம்போல அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க ஓடறீங்க? உங்ககிட்டத்தான் பேச வந்தேன்."

உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டுக்கு எதிர்லயே கடல் கெடக்கு. அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் ரோட்டுக் குழாய்ல வாளியோட நிக்கறேன். உங்க மக முடிக்கட்டும். ஒரு வருசம்தானே? பையனும் காத்திருக்கேங்கறான்."

"உங்க தம்பி..." என்று இழுத்தேன்.

"அவன் கெடக்கான். அவன் என்னிக்கு வாளி தூக்கினான்?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க காத்தோங் கடல் தண்ணி. இதுல உப்பு எவ்வளவு இருக்குன்னு உங்க பொண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

குரல் கேட்டு கமலா வந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். முகம் சுளித்தாள்.

"ஐயோ... ஊறுகாய் பாட்டில்லயா பிடிச்சீங்க? இதுலயே உப்பு இருக்குமே அத்தை! கணக்கே தப்பா வரும்!"

"கழுவித்தான்டி கொண்டாந்தேன்!"

"ரேஷன் தண்ணியிலயா? அந்த ரெண்டு சொட்டுல ஊறுகாய் உப்பு போயிடுமா?"

இரண்டு பேரும் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னென்னவோ பேசினார்கள்... எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது — "அத்தை".