சாய்ந்து இறங்கிய ஷட்டர்

போடியில் எங்கள் வீட்டு ஜீப் ஷெட்டின் ஷட்டர் சில வாரங்களாகவே ஒருபக்கம் சாய்ந்து, கிறீச்சென்று இறங்கியது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். எல்லாம் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொள்ளும் என் கணவர், "இந்தச் சோலிக்கு ஆளு வேற வரணுமாக்கும்?" என்று பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றினார். சத்தம் குறைந்ததும் தெருவெல்லாம் பெருமை பேசினார்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியவர் அதன் அடியிலேயே நின்று, "பாத்தியா, வெண்ணெ மாதிரி போகுது!" என்று இளித்தார். மேலே ஸ்பிரிங் உடையும் சத்தம் கேட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நின்ற இடத்தில் ஷட்டர் தடாரென விழுந்தது.

அந்த மனிதர் சொன்னது, "ஆயிலு பத்தல போல."

ஸ்பிரிங் துருவேறிப் போயிருந்ததாம். சாய்ந்தபோதே மாற்றியிருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். இப்போது மாதந்தோறும் ஷட்டர் நேராக இறங்குகிறதா என்று நானே பார்க்கிறேன். கோணல் தெரிந்தால் உடனே மெக்கானிக்குக்குப் போன் போடுகிறேன். இவர் யோசனை சொல்ல வந்தால், "போயி ஜீப்பத் தொடைங்க" என்று அனுப்பிவிடுகிறேன்.