அடுக்களை வென்டிலேட்டரும் அறிவியல் வாத்தியாரும்

என் வீட்டுக்காரர் அறிவியல் வாத்தியார். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாதாம். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஓடைப்பட்டியில் ஆடிக் காற்று, எரிகிற அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அதனால் போன ஆடியில் அடுக்களை வென்டிலேட்டரில் உரச் சாக்கைத் திணித்து, பலகை வைத்து ஆணியும் அடித்துவிட்டார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். மற்றவர்கள் காற்று நின்றதும் எடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஐப்பசி போனது, தை போனது, சித்திரையும் வந்துவிட்டது.

"ஏங்க, அதப் பிரிச்சு விடுங்களேன். வெந்து சாகுறேன்."

"மறுபடி ஆடி வரும்ல? ரெட்டை வேலை எதுக்கு?"

ஆகா, என்ன தொலைநோக்கு!

இதில் மோர் டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்று பாடம் வேறு. கரண்டிக் காம்பு கையைச் சுட்டால் அது வெப்பக் கடத்தல், திடப்பொருளில் அப்படித்தானாம். பருப்பு வேகும்போது அடியில் சூடான தண்ணீர் மேலே போய், மேலே இருந்தது கீழே வந்தால் அது வெப்பச் சலனம். காற்றும் அதே மாதிரிதான், சூடானது மேலே ஏறிவிடும். "ஏறி எங்க போகும்?" என்று கேட்டேன். ஃபேன் காற்றுக்கு ஹாலுக்குப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை குழம்பைத் தாளிக்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சாய்ந்திருந்தால் கொதிக்கிற குழம்பின் மேல்தான் விழுந்திருப்பேன். உண்மையிலேயே பயந்துபோனேன்.

"டாக்டரம்மா வெக்கையில நிக்கவே கூடாதுன்னு சொன்னாக" என்றேன் சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து.

"தண்ணி நிறையக் குடி" என்றார் விஞ்ஞானி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கு நீங்க சுடுங்க. இங்கன நின்னு பாத்தாத்தான் தெரியும்."

நாலாவது தோசைக்குள் சட்டை தொப்பலாகி, ஏணியைத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனார். அடுக்களைக்குள் அதைச் சாத்தி ஏறித் தலை கூரைப் பக்கம் போனதும் ஒரே அலறல்.

"ஆத்தாடி! வெக்கை பூராம் மேலதான நிக்கிது!"

"அப்படியா? யாரு சொன்னா?"

பலகையைப் பிடுங்கிச் சாக்கை உருவினார். அன்று மதியம் முந்தானையால் முகம் துடைக்காமல் ஒரு குழம்பு வைத்து இறக்கினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், வகுப்புத் தேர்வுக்கு அவர் எழுதிய வினாத்தாள் மேசையில் கிடந்தது. ஐந்தாவது கேள்வி: 'சமையலறையின் மேல் சன்னலை அடைத்துவிட்டால் அறையின் வெப்பம் என்ன ஆகும்? காரணம் கூறுக. இரண்டு மதிப்பெண்.'

பக்கத்திலேயே பேனாவும் இருந்தது. எடுத்து அடியில் விடை எழுதினேன்: 'அங்கே நின்று சமைக்கிறவள் ஒன்பது மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கேட்கவும்.'