கவிச்சியை விட்டார், மசாலாவை விடவில்லை

என் வீட்டுக்காரர் கவிச்சியை விட்ட அன்றைக்கு அடுப்பில் ஜிலேபிக் கெண்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் கறி, மீன், முட்டை, கருவாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர்தான், கவிச்சி.

எலவனாசூர்கோட்டை பக்கம் சாலையில் கறிக்கோழி ஏற்றிய வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம். இவரும் பைக்கை நிறுத்திவிட்டு நாலைந்து பேரோடு சேர்ந்து கூண்டு கூண்டாகத் தூக்கி ஓரத்தில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். தட்டு வைத்தேன். பார்த்தார், நகர்த்தி வைத்தார்.

"இனிமே எனக்குக் கவிச்சி வாணாம்."

"இன்னிக்கா?"

"எப்பவுமே. கூண்டுக்குள்ளருந்து அதுங்க பாத்த கண்ணு மறக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தியில் இவர் நல்லி எலும்பைத் தட்ட ஆரம்பித்தால் பக்கத்து இலைக்காரர் சட்டையை ஒதுக்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட ஆள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மோர் கரைத்தேன்.

கரும்பு வெட்டு நடக்கிற சமயம் அது. அவர் டிராக்டரில் கரும்பு ஏற்றி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு ஓட்டுகிறவர். பகலில் கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் தின்பார். ராத்திரிச் சோறுதான் அவருக்குச் சோறு. நான் மணலூர்பேட்டையில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை, பழசைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துப் படித்தது. பஸ்ஸை விட்டு இறங்க ஆறரை ஆகும். அவர் ஏழு மணிக்கு வந்துவிடுவார். நடுவில் இருக்கிற அரை மணி நேரம்தான் எனக்குச் சமையல் நேரம்.

கவிச்சி இல்லாத சமையல் எனக்கென்ன தெரியாததா? புரட்டாசி சனிக்கிழமைக்குச் செய்கிறோம், அமாவாசைக்குச் செய்கிறோம், கிருத்திகைக்குச் செய்கிறோம். அதையே செய்தேன். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, சோம்பும் பட்டையும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. பாசிப்பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, மிளகு ரசம், ஒரு அப்பளம். மறுநாள் கூட்டுக்குப் பதில் அவரைக்காய்ப் பொரியல். முதல் நாள் பழக்கதோஷத்தில் காக்காய்க்குக்கூட ஒரு பிடி எடுத்து வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, மறுசோறு கேட்காமல் எழுந்துபோனார். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்ததைத் துணி மடிக்கும்போதுதான் பார்த்தேன்.

அவர் இளைத்ததை எனக்கு முன்னால் அவருடைய அக்கா பார்த்துவிட்டார். அடுத்த தெருதான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பேச்சில் அவரை ஜெயிக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. அவர் திட்டினாலும் நாலு நாள் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன், அவ்வளவு ருசியாக இருக்கும். இது மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"ஏன்டி, எந் தம்பி கன்னம் உள்ள போய்க்கினே கீது. சோறு போடறியா, இல்ல சாமிக்குப் படைக்கறாப்பல காட்டிட்டு எடுத்துடறியா?"

"நல்லாத்தான் சாப்புடறாரு அண்ணி."

"பாத்துக்கினே இரு. மாசியில கொலசாமிக்குக் கெடா வெட்டறோம் இல்ல, எங்கையால கொழம்பு ஊத்தறேன். மொத ஆளா ஒக்காந்து திம்பான். அப்ப ஒம் மூஞ்சிய எங்க வெச்சிக்குவ?"

அன்றைக்குத் தையல் மெஷினில் என் கால் ஓடியது, மனசு ஓடவில்லை. அவராக மனசு மாறிச் சாப்பிட்டால் அது வேறு. கூண்டுக்குள் பார்த்த அந்தக் கண்களை மறக்க முடியாமல் விட்ட மனிதர், என் சமையலுக்குப் பயந்து அந்தக் கெடாக்கறிப் பந்தியில் போய் உட்கார்ந்தார் என்று ஆகிவிடக்கூடாது. மாசிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அந்த வாரமே ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கி இன்னா வெரதம்?"

"வெரதமா? ஒண்ணும் இல்லீங்களே."

"பாஞ்சி நாளா வெரதச் சோறா போட்டுக்கினு கீற. நான் இன்னா மாலையா போட்டுக்கினேன்?"

"நீங்கதான கவிச்சி வாணான்னீங்க?"

"கவிச்சியதான் வுட்டேன். மசாலாவ வுடலியே! பூண்டு இன்னா பண்ணிச்சி ஒன்ன?"

விக்கல் வருகிற வரைக்கும் சிரித்தேன். கவிச்சி இல்லையென்றால் விரதம் என்றுதான் எங்கள் வீடுகளில் கைக்குப் பழக்கம். அது இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அப்போதே எழுந்து பத்துப் பல் பூண்டைத் தட்டி, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, சோம்பைப் பொரித்து, இருந்த பருப்பில் கொட்டினேன். இரண்டாம் முறை சோறு கேட்டார். அந்தப் பதினைந்து நாளில் முதல் தடவை.

அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து டப்பாவில் போட்டு, கெடாமல் இருக்க டப்பாவைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டுப் போவேன். வேர்க்கடலையை ஊறப்போட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் குக்கரில் நாலு விசில், அரைத்ததை ஊற்றி ஒரு கொதி, வேர்க்கடலைக் குழம்பு தயார். சேனைக்கிழங்கை மீன் துண்டு மாதிரி வெட்டிப் பாதி வேகவைத்து, மீனுக்குத் தடவுகிற அதே மசாலாவைத் தடவித் தோசைக்கல்லில் போடுவேன். மொறுமொறுவென்று இருக்கும், முள் பயமும் இல்லை. மரவள்ளிக்கிழங்குக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமா? வேகவைத்து உதிர்த்து, பூண்டும் மிளகாயும் தாளித்தால் அதுவே ஒரு ராத்திரிச் சாப்பாடு. மொச்சைக் குழம்பில் கருவாடு இருந்த இடம் மட்டும் காலியாகவே இருந்தது. என்னென்னமோ போட்டுப் பார்த்தேன். கடைசியில் மாங்காய் வற்றல்தான் அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்தது.

எல்லாமே பலித்தது என்று சொல்லமாட்டேன். மீல்மேக்கரைத் தின்றுவிட்டு, "பஞ்சுதான், ஆனா நல்ல பஞ்சு" என்றார். காளானைத் தொடவே இல்லை. "இது வழுக்கற வழுக்கல பாத்தா கவிச்சிக்கு ஒண்ணுவுட்ட தம்பி மாறி கீது" என்று ஒதுக்கிவிட்டார். சரி போகட்டும் என்று அதை நானே தின்றேன்.

கள்ளக்குறிச்சி சந்தையில் கல்வராயன் மலையிலிருந்து சாமையும் பலாப்பிஞ்சும் கொண்டுவந்து விற்கிற அம்மா ஒருத்தர் உண்டு. சாமை வாங்கும்போது என் கதையைச் சொன்னேன். இரண்டு பலாப்பிஞ்சை எடுத்து என் பையில் வைத்தார். "ஆட்டுக்குப் போடறத எல்லாம் இதுக்கும் போடும்மா, இது ஒண்ணும் கோச்சிக்காது. கையில மட்டும் எண்ணெய் தடவிக்கோ, பாலு ஒட்டும்" என்றார். இது ஒண்ணும் கோச்சிக்காது! வீடு வருகிற வரைக்கும் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாசி வந்தது. குலசாமி கோயிலுக்கு நானும் ஒரு குண்டான் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். பலாப்பிஞ்சு, நிறையச் சின்ன வெங்காயம், இடித்த மிளகு. பந்தி உட்கார்ந்தது. அண்ணி கறிக்குழம்பு வாளியோடு நேராகத் தம்பி இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஊத்தட்டுமாடா?"

கரண்டியில் ஆவி பறந்தது. நான் பந்தியின் கோடியில் என் குண்டானோடு நின்றிருந்தேன். அவர் இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்துக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி கொழம்பு வந்துக்கினு கீதுக்கா. அதுக்கு எடம் வேணும்."

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. குண்டான் எனக்குக் கனமாகவே தெரியவில்லை. அவருக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். பக்கத்து இலைக்காரர், "இன்னா வாசன இது, இங்கயும் ஒரு கரண்டி" என்றார். அதற்கடுத்த இலையும் கேட்டது. பந்தி முடிகிறதற்குள் குண்டானைச் சாய்த்து வழிக்கவேண்டியதாகிவிட்டது. இவருக்கே மிச்சமில்லை, மறுசோற்றுக்கு ரசம்தான். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் குடித்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும், "அரவயிறுதான்" என்றார். பின்னாலேயே அண்ணி வந்தார். அடுப்பங்கரையில் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அரமணி நேரத்துல ஆக்கிடுவியாமே. ஆக்கு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

சாமையைக் கழுவித் தேங்காய்ப்பாலில் போட்டேன். இரண்டு பட்டை, ஒரு கிராம்பு, பச்சைமிளகாய், நிறையப் பூண்டு. பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும். ஏழு மணிக்கு மூன்று தட்டு வைத்தேன். அண்ணி முதல் வாய் சாப்பிட்டார். அடுத்த வாயும் எடுத்தார். பேச்சில் ஜெயிக்க ஆளில்லாதவர் பேசாமல் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன்.

தட்டு காலியான பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பூண்டு எத்தினி பல்லுடி போட்ட?"

"பன்னெண்டு அண்ணி."

"ம்." தட்டை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு. தேங்கா மொத பாலா, ரெண்டாம் பாலா? எங்கூட்லயும் நாளைக்கி ஆக்கணும், வெவரமாச் சொல்லு."