ஒரு 'போறன்' செய்த வேலை

என்னுடைய ஒரு சொல்லால் யாழ்ப்பாணப் பட்டினமே ஒரு காலைப்பொழுது அசையாமல் நின்றது. இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. நின்றது ஓர் ஓட்டோ. அதுவும் எஞ்சினை நிறுத்தாமல்தான் நின்றது.

நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவள். முப்பத்தொரு வருடம் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருந்து, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து, அறுபத்தெட்டாவது வயதில் நோர்வேக் கடவுச்சீட்டில் இலங்கை விசாக் குத்திக்கொண்டு அதே யாழ்ப்பாணத்து அரியாலைக்கு வந்து வீடு எடுத்தேன். ஆகவே சட்டப்படி நான் வெளிநாட்டுக்குத்தான் குடிபெயர்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகும் ஒடுக்கமான ஒழுங்கையில் குடியிருந்த மனிதரும் சட்டத்தின் பக்கம்தான் நின்றார்கள். கமலாம்பிகை என்று படலையில் பெயர் எழுதிப் போட்டும், எல்லோருக்கும் நான் 'நோர்வே அம்மா'.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குப்பையை நான்கு நிறப் பைகளில் பிரித்து வாசலில் வைத்தேன். ஒழுங்கை மாடு நான்கையும் ஒன்றாக்கியது. அடுத்த வீட்டுக்குப் போகுமுன் தொலைபேசியில் "இப்ப வரலாமோ?" என்று கேட்டேன். மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே பியாட்றிஸ், "காதிலை வைச்சிருக்கிறதைக் கீழை வைச்சிட்டு வாங்கோ அக்கா" என்றார்.

பியாட்றிஸின் கணவர் துரைராஜா மாஸ்ரர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது. வலக்கண் ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் இன்னும் ஐந்து மாதம். அதற்குள் அந்தக் கண்ணில் வெளிச்சமும் தெரியாமல் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்தத் திகதிக்கு முதல் நாள் பின்னேரம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நோர்வேயில் தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவர் ஒருவர் ஒப்பரேஷன் முடிந்த அன்றே பனியில் சறுக்கி வீட்டுக்குப் போனார் என்று, உண்மையும் கொஞ்சம் கலந்து, தைரியம் சொன்னேன். பிறகு எழுந்து கைப்பையை எடுத்தேன்.

"சரி மாஸ்ரர், அப்ப நான் போறன்."

மாஸ்ரர் கையில் உரித்த சுளை வாய்க்குப் போகாமல் நின்றது. மறுநாள் ஒப்பரேஷனுக்குப் போக இருப்பவரின் வீட்டில், போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில், 'போட்டு வாறன்' என்றல்லவா சொல்ல வேண்டும். 'போறன்' என்றால் திரும்பி வராத பயணம்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. நோர்வே போன புதிதில், பக்கத்து வீட்டுக்காரியிடம் 'போட்டு வாறன்' என்பதை அவர்களுடைய மொழியில் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். பாவம் அவள், கோப்பி போட்டு வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாளாம். அந்த 'வாறனை' நாக்கிலிருந்து கழற்ற எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கெட்டித்தனமாகத்தான் கழற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மதிலுக்கு மேலால் பியாட்றிஸின் தலை தெரிந்தது.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. இந்த மனிசன் எழும்புறார் இல்லை."

வாசலில் ஜெயசுதனின் ஓட்டோ இரைந்துகொண்டு நின்றது. மாஸ்ரர் வெள்ளைச் சேர்ட்டுடன், மடியில் பையை வைத்துக்கொண்டு, கதிரையோடு கதிரையாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். சகுனம் கிகுனம் பாக்கிறேல்லை," என்றார்.

"அப்ப எழும்புங்கோவன்."

"பிரஷர் கூடிப் போச்சு. நீங்கள் உந்தச் சொல்லைச் சொன்ன நேரம் துவக்கம்."

"அதுக்கு நான் இப்ப என்ன செய்யிறது?"

"பிழை விட்ட ஆள்தான் திருத்த வேணும். படலைக்குப் போய்த் திரும்பி வாங்கோ. வந்து இருங்கோ. பிறகு எழும்பி முறையாச் சொல்லுங்கோ."

போனேன், வந்தேன், இருந்தேன். ஜெயசுதன் மணிக்கூட்டைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு முன் பதிய வேண்டும். நான் எழுந்தேன். பதற்றத்தில் நாக்கு இரண்டு நாட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

"அப்ப நான் போட்டுப் போறன், மாஸ்ரர்."

ஆளைக் கைவிட்டுப் போகிறவள் சொல்லும் சொல் அது. பியாட்றிஸ் தலையில் கை வைத்தார்.

"அம்மா, நேத்துச் சொன்னது இதைவிடப் பறுவாயில்லை," என்றான் ஜெயசுதன்.

மூன்றாந்தரம் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "போட்டு… வாறன்."

"சத்தம் காணாது," என்றார் மாஸ்ரர், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன். மாஸ்ரர் எழுந்தார்.

"வாறன் எண்டால் வரவேணும். ஓட்டோவிலை ஏறுங்கோ."

ஏறினேன். தலை வாராமல், வீட்டுச் செருப்புடன், அன்று முழுவதும் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தேன். கண்ணில் கட்டோடு வெளியே வந்த மாஸ்ரர் தாதியிடம் கேட்ட முதல் கேள்வி, "நோர்வேக்காரி நிக்கிறாவோ, போட்டாவோ?"

இப்போது அவர் பத்திரிகையைத் திகதியிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிறார். ஒரு சொல்லால் ஒருவரின் கண்ணைக் கெடுக்கப் பார்த்து, இன்னொரு சொல்லால் அதைத் திறந்துவிட்டவள் அரியாலையில் நான் ஒருத்திதான் என்று இதையெல்லாம் எழுதி, நேற்று அவர்கள் வீட்டு விறாந்தையில் வாசித்துக் காட்டினேன். மாஸ்ரர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்த பியாட்றிஸ்தான் நிமிர்ந்தார்.

"உதிலை ஒரு பிழை இருக்கு, அக்கா. உது அவருக்குக் குடுத்த மூண்டாவது திகதி. முதல் திகதிக்குப் பல்லி சொன்னதாம். ரெண்டாவதுக்குச் செருப்பு வார் அறுந்ததாம். மூண்டாந்தரம் நீங்கள் அம்பிட்டியள். அந்தாளுக்குக் கத்திக்குத்தான் பயம், உங்கடை சொல்லுக்கில்லை. எனக்கெண்டால் ஆஸ்பத்திரி மணத்துக்கே மயக்கம் வரும். அந்த ரெண்டு தரமும் கூட ஏறிப் போக ஆளிருக்கேல்லை, அவ்வளவுதான்."