சாத்பாரா வாங்கித் தந்த வேலை

என் கணவரை அவருடைய கம்பெனி பூனாவின் ஹிஞ்சேவாடியிலிருந்து இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஓர் ஊருக்கு மாற்றியது. அவர் முதலில் கிளம்பிப் போனார். விசா வரும்வரை நான் கட்கியில் அப்பா அம்மாவோடு இருந்தேன். மனைவி என்ற முறையில் வரும் விசாவில் அங்கே எந்த வேலை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு ஏதோ ஒரு வேலை வேண்டாம், வக்கீல் வேலைதான் வேண்டும். சிவாஜிநகர் கோர்ட்டில் ஏழு வருடம் கறுப்புக் கோட்டுக்குள் வெந்து, நீதிபதி சிரிக்காத அளவுக்கு மராத்தியில் வாதாடப் பழகி, நில வழக்கு என்றால் என்னிடம் அனுப்பு என்று நாலு பேர் சொல்லும் நிலைக்கு அப்போதுதான் வந்திருந்தேன்.

அப்பாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கட்கி வெடிமருந்து ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் விண்ணப்பம் அனுப்பும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“ஏட்டி, அங்க கேஸ் நடத்தணும்னா திரும்பப் பரீட்சை எழுதணுமாமே?”

“ஆமாப்பா. ரெண்டு.”

“அது முடியுத வரைக்கும்?”

“அங்க உள்ள வக்கீலுக்கு உதவியா இருக்கலாம். அதுக்கும் யாராவது கூப்பிடணும்லா.”

யாரும் கூப்பிடவில்லை. விண்ணப்பப் படிவங்களில் எந்த நாட்டில் சட்டம் படித்தாய் என்ற கேள்விக்கு நாலைந்து நாடுகளின் பெயர் இருக்கும், கடைசியில் ‘மற்றவை’ என்று இருக்கும். நான் எப்போதும் மற்றவை. பதில்கள் எல்லாம் மிக மரியாதையாக வந்தன. உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது, ஆனால் உள்ளூர் அனுபவம் உள்ளவரைத் தேடுகிறோம். அந்த ஊருக்கு இன்னும் போகவே இல்லை, உள்ளூர் அனுபவத்துக்கு நான் எங்கே போவேன்? முப்பது விண்ணப்பங்களுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள், உயில், வாரிசுச் சொத்து பார்க்கும் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மொத்தமே இரண்டு வக்கீல்கள். வியாழக்கிழமை நம் நேரம் மதியம் இரண்டரைக்கு வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். பேசலாம் என்று உடனே பதில் போட்டேன். வியாழக்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துவார்கள் என்பது, அந்த வியாழக்கிழமை மதியம் மின்விசிறி நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மணி ஒன்றே முக்கால். என் பழைய லேப்டாப்பின் பேட்டரி கால்மணி நேரம் தாங்கினாலே அதிசயம். அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“எங்கப்பா போறது?”

“கோர்ட்டுக்கு எதிர்ல அந்த ஜெராக்ஸ் கடை. அங்க எந்நேரமும் கரண்ட் இருக்கும்லா. ஏறு.”

கைலியை மாற்றக்கூட அவர் நிற்கவில்லை. தலையில் ஹெல்மெட், இடுப்பில் நீலக் கட்டம் போட்ட கைலி. பின்னால் நான் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு ஜன்னல் முழுக்க எங்களையே பார்த்தது. எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

“சிரிக்காதட்டி. அங்க போயும் இப்படிச் சிரிச்சா கிறுக்கின்னு நெனைப்பான்.”

ஜெராக்ஸ் கடை நடத்தும் மராத்திப் பெண்மணியை நாங்கள் எல்லோரும் தாயி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். என் ஏழு வருட மனுக்கள் முக்கால்வாசி அந்தக் கடையில் தட்டச்சானவை. விஷயத்தைச் சொன்னதும் தட்டச்சு மேஜையில் இருந்த கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார். “தூ போல், மீ மெஷின் பந்த் கர்த்தே,” என்றார். நீ பேசு, நான் மெஷினை நிறுத்துகிறேன். நிறுத்தியும்விட்டார். வாசலில் நகலுக்கு நின்ற நாலு வக்கீல்களை அப்பா கைலியோடு போய் மறித்து, இந்தியில் என்னவோ சொன்னார். அவர்கள் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள்.

திரையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். வெள்ளை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி.

“பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்களே, உங்கள் அலுவலகமா?”

பொய் சொல்ல நேரமில்லை. “இல்லை. கோர்ட்டுக்கு எதிரில் இருக்கும் நகல் கடை. வீட்டில் கரண்ட் போய்விட்டது. அவர்கள் எல்லாம் வக்கீல்கள், எனக்காகக் காத்திருக்கிறார்கள்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நாலு பேரையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்விகள். தேர்வு எப்போது எழுதுவாய், இங்கிலாந்துச் சொத்துச் சட்டம் என்ன தெரியும். முதல் கேள்விக்குச் சுமாராகவும் இரண்டாவதற்கு அதைவிடச் சுமாராகவும் பதில் சொன்னேன். எனக்கே என்மேல் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. அப்போது அவர், “கடைசியாக ஒன்று, உங்கள் விண்ணப்பத்தில் பூனா என்று பார்த்ததால்தான் கூப்பிட்டோம்,” என்று சொல்லித் திரையில் ஒரு தாளைக் காட்டினார். பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். “எங்கள் கட்சிக்காரர் ஒருவரின் வாரிசு வழக்கில் வந்த தாள். இது என்னவென்று சொல்ல முடியுமா?”

சாத்பாரா. இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு துண்டு விவசாய நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன விளைகிறது, என்ன கடன் இருக்கிறது என்று சொல்லும் வருவாய்த்துறைத் தாள். ஏழு வருடமாக நான் காலையில் காப்பிக்கு முன்னால் படித்த தாள். இது நில எண், இது பரப்பு, ஹெக்டேரில், இது கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் என்று கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சுவரில் தாயி மாதிரிக்கு ஒட்டி வைத்திருந்த சாத்பாராவையும் கிழித்துவந்து கேமராவுக்கு முன்னால் காட்டினேன்.

“உங்கள் கட்சிக்காரர் யார், அடைப்புக்குறிக்குள் இருப்பவரா?” என்று கேட்டேன்.

“ஆமாம். அவர் பெயர் முக்கியம் என்பதால்தானே தனியாகக் குறி போட்டிருக்கிறார்கள்?”

“இல்லை மேடம். அடைப்புக்குறி போட்டால் அந்தப் பெயரை நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.”

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“எட்டு மாதமாக,” என்றார் அவர் மெதுவாக, “நாங்கள் அந்தக் குறியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.” பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். உள்ளே யாரையோ கூப்பிட்டார். இன்னொரு வக்கீலும் வந்து எட்டிப்பார்த்தார்.

வழக்கு போய்விட்டதா என்று கேட்டார்கள். அவசரப்பட வேண்டாம் என்றேன். இது வருவாய்ப் பதிவு, இதை மட்டும் வைத்து யாருக்கு உரிமை என்று முடிவு கட்ட முடியாது. குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் பெயர் மாற்றப் பதிவு. அதன் நகலை வாங்கினால் எப்போது, எதைக் காட்டி நீக்கினார்கள் என்று தெரியும். அரைமணி நேரப் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. முடிந்து லேப்டாப்பை மூடியபோது வரிசையில் நாலு பேர் பதினோரு பேராகியிருந்தார்கள். அதில் ஒருவர், பயிர்க்கடன் விஷயத்தில் நான் சொன்னது சரியில்லை என்று அங்கேயே விவாதத்துக்கு வந்தார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. பதவியின் பெயரில் வக்கீல் என்ற சொல் இல்லை, உதவியாளர்தான். தேர்வு இரண்டையும் எழுதி முடித்தால் மேற்கொண்டு பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அதை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் வேலை கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலம் ரிக்ஷா பிடித்து மூன்று பேரும் கடக்வாஸ்லா போனோம். அணைக்கரைக் காற்றில் அம்மா வெங்காய பஜ்ஜித் தட்டை யாருக்கும் தராமல் வைத்துக்கொண்டிருந்தாள். சோளம் சுடுகிறவரிடம் அப்பா பெருமையாக இந்தியில் ஆரம்பித்தார். “மேரி பேட்டி லண்டன் மே வக்கீல் ஹை.” என் மகள் லண்டனில் வக்கீல்.

“லண்டன் இல்லப்பா. வக்கீலும் இல்ல இன்னும்.”

“அவனுக்கு அது தெரியணுமாக்கும்,” என்று சொல்லிவிட்டு அப்பா எனக்கு எலுமிச்சம்பழம் அழுந்தத் தேய்த்த சோளம் ஒன்றை நீட்டினார்.