கையை அழுத்தியவர்

காபிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தபடி நிற்கிறார் ஔலிஸ். குடிப்பதற்காக இல்லை, கை சூடாக வேண்டும். வெளியே துர்கு நகரம் பனியில் புதைந்து கிடக்கிறது. இந்தக் கையோடு போய்த் தொட்டால் நோயாளிக்கு மயக்க மருந்தே வேண்டாம், அப்படியே விறைத்துப்போவார் என்பது அவர் கட்சி. கை சூடானதும் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிறார்.

மயக்க மருந்து டாக்டர். அறுபதை நெருங்குகிறவர், ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். பேச்சு குறைவு, அந்த ஊரில் அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை. இலவங்கப்பட்டை பன்னைக் கண்டால் மட்டும் மனிதர் பச்சைக் குழந்தை.

உடம்பைத் தளர வைக்கும் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால், நோயாளியின் வலது முன்கையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார். அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. மற்ற உடம்பெல்லாம் கட்டையாகக் கிடக்கும்போது அந்த ஒரு கையால் அசைய முடியும். அதைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிவார். "நான் பேசறது கேக்குதா? கேட்டா என் கையை அழுத்துங்க." கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் அந்தப் புறங்கையை மெல்லத் தடவிக்கொடுப்பார். பெரும்பாலும் பதில் வராது. சில நாள் அந்தக் கை அழுத்தும். உடனே மயக்க மருந்தைக் கூட்டுவார், விரல்கள் தளர்ந்துவிடும்.

ஒருமுறை மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற ஆள் ஒருவர் அழுத்திய அழுத்தில் இவர் விரல்கள் கன்றிச் சிவந்துவிட்டன. கண் விழித்ததும் அந்த மனிதர் கேட்டது: "என்ன டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?" எல்லோரும் இப்படித்தான். கண்ணை மூடினோம், திறந்தோம், நடுவில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியானால் அழுத்தியது யார்? ஔலிஸ் சிவந்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

யாருமில்லை என்பதுதான் அவர் வெளியில் சொல்லும் பதில். நரம்பு கேட்டது, நரம்பு அழுத்தியது, அவ்வளவுதான். காபி அறையில் இதைச் சொல்லி நர்ஸ் ஹெல்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருக்கு வாடிக்கை. இருபது வருஷமாக ஒரே தியேட்டரில் வேலை செய்கிறவர்கள். மரியாதையெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"மயக்க மருந்துக் குமிழைத் திருப்பினா ஆள் போயிடறான். திரும்ப வச்சா வந்துடறான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு? சவுனா குளியலறை அடுப்பை அணைச்சா, சூடு எங்க போச்சுன்னு யாராவது தேடறாங்களா?"

"தேட வேணாம். அடுப்புக்குத் தான் சுடறது தெரியுமா, அதைச் சொல்லு முதல்ல."

ஔலிஸ் பன்னைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் கேள்வி அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் அவருக்கே பித்தப்பையில் கல் என்று ஆனது. மற்றவர்களாக இருந்தால் கலங்கிப்போவார்கள். இவர் முகத்தில் கல்யாணக் களை. "வெளியில நின்னு பார்த்தது போதும். உள்ள என்ன நடக்குதுன்னு நானே பார்த்துட்டு வந்து சொல்றேன். எல்லாருக்கும் குடுக்கற அதே மருந்து, அதே அளவு. கையை மட்டும் நீ பிடிச்சுக்கோ" என்றார் ஹெல்காவிடம்.

"செத்துகித்துப் போயிடாத கிழவா. அப்புறம் யாரோட சண்டை போடறது?"

மயக்க மருந்து கொடுத்தது ஈரிஸ் என்ற இளம் டாக்டர். ஔலிஸ் கண்ணை மூடினார். திறந்தார். பக்கத்தில் ஹெல்கா.

"ஒண்ணுமே இல்ல ஹெல்கா" என்றார் கரகரத்த குரலில். அதில் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் வெற்றி. "இருட்டுகூட இல்ல. நான் எங்கயுமே இல்ல. நான் சொன்னேன்ல?"

ஹெல்கா வழக்கம்போல எகிறவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"நீ அழுத்தினே."

"நரம்பு."

"இரு, நான் முடிச்சுக்கறேன். வலிக்குதா, வலிச்சா ரெண்டு தடவை அழுத்துன்னேன். அழுத்தலை. நீ முழிச்சிருக்கியேங்கற பயத்துல எனக்குக் கை நடுங்கிடுச்சு. உடனே உன் கட்டைவிரல் என் கையைத் தடவிக்கொடுத்துச்சு. நீ எல்லாருக்கும் தடவுவியே, அதே மாதிரி. பயப்படாதேங்கற மாதிரி. அப்புறம்தான் ஈரிஸ் மருந்தைக் கூட்டினா."

பழகிய தடவல், விரலுக்கு அது மனப்பாடம் என்று ஔலிஸால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. எங்குமே இல்லாத ஒருவர், பயந்துபோன ஒரு பெண்ணுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவரை உலகத்திலேயே நன்றாக அறிந்திருக்க வேண்டியவர் இவர். இவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

வலது கை போர்வையின்மேல் கிடந்தது. பட்டை இறுக்கிய தடம் இன்னும் மறையவில்லை.

சாயங்காலம் ஹெல்கா காபி கொண்டுவந்து வைத்தாள். ஔலிஸ் குடிக்கவில்லை. இடது கையால் கோப்பையைப் பொத்திப் பிடித்து, சூடு நன்றாக ஏறும்வரை காத்திருந்தார். பிறகு அந்தக் கையால் தன் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.