இரண்டாவது ரத்த மாதிரி

எழுபதுகளில் தூத்துக்குடியில், கொசுவால் பரவும் காய்ச்சல்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக ரத்த மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். காய்ச்சலின்போது ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து மறுமுறை என்று ஒரே ஆளிடம் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் அது டெங்குவா என்று சொல்ல முடியும். மில்லர்புரத்தில் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தேன். வேலை முடிந்தால் பேச ஆள் கிடையாது.

கடற்கரைப் பக்கம் செல்வமேரி என்றொரு பெண்ணிடம் முதல் மாதிரி எடுத்திருந்தேன். கணவர் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டாவது முறை போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். நான் நின்றபடியே ஊசியை எடுத்தேன்.

"காய்ச்சல் விட்டுட்டு சார். மூட்டுவலிதான் போகமாட்டேங்கு. எப்படி இருக்கேன்னு பாக்க வந்தது நீங்க ஒராளுதான்" என்றாள்.

நான் வந்தது ரத்தத்துக்காக மட்டும்தான். அவள் நீட்டிய கையில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ஊசிப் பெட்டி இல்லாமல் மறுபடியும் அங்கே போனேன்.

"இன்னைக்கும் ரத்தமா சார்?"

"இல்லம்மா. எப்படி இருக்கீங்கன்னு கேட்கத்தான் வந்தேன்."

கதவை அகலத் திறந்துவிட்டாள். பிறகு உட்காரச் சொல்லி, கணவரைப் பற்றி, வலியைப் பற்றி வெகுநேரம் பேசினாள்.

அதுவரை ரத்தம் எடுக்க எத்தனையோ கைகளைப் பிடித்திருக்கிறேன். ஒருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என்னை விசாரிக்க ஏன் யாருமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.